முப்பத்தொரு நாள் கணக்கும் மார்ச் மாதத் திட்டங்களும்: பெரியமடுவிலிருந்து ஒரு வாழ்வாதாரக் குறிப்பு

2023 மார்ச் மாதத்தின் கடைசிக் கிழமையில் எங்கள் பெரியமடுவுக்கு ஒரு சிறிய லொறியில் முயல்கள் வந்தன. மரத்தடியில் கதிரை அடுக்கி, பதாகை கட்டி, பெயர் வாசித்து 14 குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு பெட்டை, ஒரு ஆண், தகரக் கூரை போட்ட ஒரு கூடு. முயலை மடியில் வைத்தபடி படம் எடுத்தார்கள். என்னுடைய படமும் அதில் இருக்கிறது.

அதே ஆண்டு செப்டெம்பரில் மதிப்பீட்டுக்கு ஒருவர் வந்தார். அப்போது அந்த 14 கூடுகளில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன. சிலவற்றில் கோழி அடைந்திருந்தது. என் கூட்டில் மூன்று முயலும் உயிரோடு இருந்தன. ஆனால் உயிரோடு ஒரு குட்டியும் இல்லை. அவர் படிவத்தில் எதையோ எழுதிக்கொண்டு போனார். "பயனாளிகளிடம் போதிய ஆர்வம் இருக்கவில்லை" என்று அறிக்கையில் வந்ததாகப் பின்னர் அறிந்தேன்.

அவர் வந்து போய் இரண்டு மாதத்தில் என் இரண்டு பெட்டைகளும் சினைப்பட்டன. அந்த இரண்டு மாத இடைவெளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். போரால் பாதிக்கப்பட்ட எமது ஊர்களில் வாழ்வாதார உதவிகள் ஏன் திரும்பத் திரும்பத் தோற்கின்றன என்ற கேள்விக்கான விடையில் ஒரு பகுதி அதற்குள் இருக்கிறது என்பது என் கருத்து.

ஏன் முயல்?

பெரியமடு மன்னார் மாவட்டத்தில், மாந்தை மேற்குப் பிரதேச செயலர் பிரிவில், விடத்தல்தீவுக் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். காடும் வயலும் சூழ்ந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இந்த ஊரின் முஸ்லிம் மக்களும் கையில் கிடைத்ததுடன் புத்தளம் பக்கம் போனார்கள். அதன் பிறகு பல இடங்களிலிருந்தும் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே வந்து கொட்டில் போட்டன. 2008இல் படை நடவடிக்கை மன்னார்க் கரையால் மேலேறியபோது நாங்களும் எழும்பினோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, பின்னர் மெனிக் பாம். திரும்பி வந்தபோது பழைய ஆட்களும் புத்தளத்திலிருந்து திரும்பத் தொடங்கியிருந்தார்கள். ஒரே ஊருக்கு இரண்டு விதமான திரும்பி வருதல் நடந்தது.

திரும்பி வந்தவர்களுக்கு மாடு பெரிய கனவு. ஆனால் மாந்தைப் பக்கம் மேய்ச்சல்தரை எவ்வளவு பெரிய பிரச்சினை என்பது இங்குள்ள எவருக்கும் தெரியும். காலபோகம் தொடங்கினால் மாட்டைக் கட்டிவைக்க இடமில்லை. காட்டுக்குள் விட்டால் வன இலாகாவும் வனஜீவராசிகள் திணைக்களமும் கேட்கும். கோழி வளர்க்கலாம் என்றால், 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடையின் பின் சோளம் குறைந்து தீன் விலை ஏறியதில் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. எங்கள் சட்டியில் இறைச்சி என்பது பெருநாளுக்கான சொல்லாக மாறியது.

இந்த இடத்தில் முயல் நல்ல யோசனைதான். அதற்குப் புல்வெளி வேண்டாம். வேலியோரத்து அகத்தி, முள்முருக்கு, கிளிசரிடியா, வயல்வரம்புப் புல் போதும். இரவில் தன் மென்மையான கழிவைத் தானே திரும்ப உண்டு சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்ளும் பிராணி அது. இலையை இறைச்சியாக்குவதில் கெட்டித்தனமானது. முஸ்லிம் வீட்டிலும் வேதக்கார வீட்டிலும் சைவ வீட்டிலும் அதைச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஆகவே தவறு முயலைத் தெரிந்தெடுத்ததில் இல்லை.

நாளை நாமே குறிக்கக்கூடிய பிராணி

மாட்டுக்கும் ஆட்டுக்கும் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டும். முயல் அப்படியல்ல. அதற்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும். சேர்ந்து ஏறத்தாழப் பத்து மணித்தியாலத்தில் அது நடக்கும். பெட்டை சம்மதித்தால் இன்றைக்கே சேர்க்கலாம். சேர்த்த நாளிலிருந்து 31 நாள், ஒரு நாள் முன்பின்னாகக் குட்டி விழும். வளர்ப்பவர் கலண்டரில் ஒரு நாளைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டுப் பின்னோக்கி எண்ணலாம். பண்ணைப் பிராணிகளில் இவ்வளவு துல்லியமாக நாளை எங்கள் கையில் தருவது வேறு அதிகமில்லை.

சேர்க்கும்போது பெட்டையைத்தான் ஆணின் கூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆணை அவளுடைய கூட்டுக்குள் விட்டால் தன் இடத்துக்குள் வந்தவன் என்று கடித்துக் குதறிவிடுவாள். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருப்பதே வழக்கமான எங்கள் பக்கத்தில் இது தலைகீழ் என்று ஊரில் சிரித்தார்கள். 28ஆம் நாள் வைக்கோல் போட்ட பெட்டியைக் கூட்டுக்குள் வைத்தால், தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தை செய்யும். மயிரும் திறந்த கண்ணும் இல்லாமல் குட்டிகள் பிறக்கும். கண் திறக்கப் பத்து நாளளவில் ஆகும். தாய் நாளுக்கு ஒரு முறை, அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்கும். இது தெரியாமல், "தாய் குட்டியைப் பார்க்குதில்லை" என்று கையில் எடுத்துப் பசுப்பால் ஊட்டிக் கொன்றவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

இரண்டு பெட்டைகளை ஒரே நாளில் சேர்ப்பது இன்னொரு முக்கியமான கணக்கு. இரண்டும் ஒன்றாகக் குட்டி போட்டால், ஒன்றுக்கு எட்டும் மற்றதற்கு மூன்றும் விழுந்தாலும் முதல் நாட்களிலேயே மாற்றி வைத்துச் சமப்படுத்தலாம். வேறு வேறு நாளில் சேர்த்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

எங்களுக்குத் தந்த துண்டுப்பிரசுரத்தில் இவற்றில் எதுவும் இல்லை. அதில் ஒரு பெருக்கல் மட்டும் இருந்தது: ஒரு பெட்டை ஆண்டுக்கு எட்டு முறை, முறைக்கு எட்டுக் குட்டி, ஆகவே இரண்டு பெட்டைக்கு 128. கடதாசியில் அது பிழையில்லை. குட்டி போட்ட சில நாட்களிலேயே திரும்பச் சேர்த்தால் பெட்டை சினைப்படும்தான். ஆனால் பாலும் கொடுத்து வயிற்றிலும் சுமந்து, புல்லையும் இலையையும் மட்டும் தின்னும் ஒரு பெட்டை அந்த ஆண்டு முடியமுன் எலும்பும் தோலுமாகிவிடும். குட்டிகளைப் பிரித்து, தாயைத் தேற விட்டு, ஆண்டுக்கு நான்கு ஈற்று எடுத்தால் அதுவே எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல விளைச்சல். எங்கள் வெயிலில் அந்த நான்குக்கே பாடுபட வேண்டும்.

மன்னார் வெயிலில் என்ன நடந்தது?

மார்ச்சில் வந்த முயல்களுக்கு அப்போது மூன்று மாதம். இனப்பெருக்கத்துக்கு ஆறு மாதமாவது ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எண்ணிப் பாருங்கள்: அது ஜூன் முடிவு. மன்னாரில் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை பகல் வெப்பம் 30 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. சோளகம் அனலாக அடிக்கும். முயலுக்கு வியர்க்காது. காதுகளின் வழியாகத்தான் அது பெரும்பாலும் சூட்டைக் கழிக்கும். அதைத் தகரத்தின் கீழ் அடைத்து வைத்திருந்தோம்.

ஜூலையில் மூன்று தடவை சேர்த்தேன். பிடிக்கவில்லை. ஓகஸ்டில் ஒரு பெட்டை பிடித்து, செப்டெம்பர் தொடக்கத்தில் மூன்று குட்டி போட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் பெட்டியைத் திறந்தபோது மூன்றும் செத்துக் கிடந்தன. மற்றப் பெட்டையை ஊரில் மலடு என்றார்கள். "அதை வித்துப்போட்டு வேறை வாங்கு" என்று புத்தி சொன்னார்கள். மலட்டுப் பட்டம் எப்போதும் முதலில் பெட்டைக்குத்தானே வரும்.

உண்மையைச் சொன்னவர் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒரு நானா. 1990இல் இளந்தாரியாக இங்கிருந்து போனவர், கிழவராகத் திரும்பியவர். புத்தளத்தில் முகாம் வாழ்க்கையில் முயல் வளர்த்திருக்கிறார். கூட்டைச் சுற்றி ஒரு முறை வந்துவிட்டுச் சொன்னார்: "பெட்டைக்குக் குறை இல்லை தங்கச்சி. ஆணுக்குத்தான் சூடு. தகரத்தைக் கழட்டுங்க. இரண்டு மாசம் பொறுங்க."

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு விஞ்ஞானத்திலும் விளக்கம் உண்டு. 30 பாகைக்கு மேல் நாட்கணக்கில் இருந்தால் ஆண் முயலின் விந்து கெடும். வெப்பம் குறைந்தாலும் உடனே சரிவராது. புதிய விந்து உருவாகி முதிர ஏழு, எட்டுக் கிழமை வேண்டும். அதுவரை எத்தனை தடவை சேர்த்தாலும் வீண்தான்.

தகரத்தைக் கழற்றிக் கிடுகு போட்டேன். கூட்டை வேப்பமரத்தின் கீழே நகர்த்தினேன். மத்தியானத்தில் கூட்டோரமாக ஈரச் சாக்குத் தொங்கவிட்டேன். கூட்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய பேணிக்குள் வைத்தேன். பிறந்த குட்டியைத் தின்னும் எறும்புக்கு அதுதான் வேலி. அதோடு நானா இன்னொன்றும் சொன்னார். எங்களுக்குக் கொடுத்த முயல்கள் எல்லாம் ஒரே பண்ணையில் ஒரே தாய்வழியில் வந்தவை போலத் தெரிகிறது, அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால் குட்டி நிற்காது என்று. அவரிடம் வேறு வழியில் வந்த ஒரு ஆண் முயல் இருந்தது.

2023 நவம்பர் 14ஆம் திகதி, காலைக் குளிரில், இரண்டு பெட்டைகளையும் கூடையில் வைத்து அந்த ஒழுங்கைக்குக் கொண்டுபோனேன். டிசெம்பர் 15ஆம் திகதி ஒன்று ஏழும் மற்றது நான்குமாகப் போட்டன. ஏழில் ஒன்றை நான்குடன் சேர்த்தேன். மலடு என்று பெயர் வாங்கியதுதான் ஏழு போட்டது. பதினொன்றில் ஒன்பது தப்பின.

ஈஸ்டரிலிருந்து பின்னோக்கி

நவம்பர் நடுப்பகுதியைத் தெரிந்தெடுத்ததற்கு வெயில் மட்டும் காரணமில்லை. எங்கள் பக்கம் பெருமழை கொட்டும் காலம் நவம்பரும் டிசெம்பர் முற்பகுதியும். 2024 நவம்பர் இறுதி வெள்ளமும் 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயலும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நாட்களில் பெட்டியில் கண் திறக்காத குட்டி இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? சினையாக இருக்கும் பெட்டையைக் கூடையில் வைத்துத் தூக்கலாம். ஈர இலையைத் தின்று வயிறு ஊதிச் சாவதும், கழிச்சலும் மழைக்காலத்து நோய்கள். இலையை அரை நாள் வாட்டிப் போட்டால் பெரிய முயலைக் காப்பாற்றலாம், புதிதாகத் தீன் பழகும் குட்டியைக் காப்பாற்றுவது கடினம். குட்டிகள் இலை தின்னத் தொடங்கும்போது தை பிறந்திருக்க வேண்டும்.

அடுத்தது சந்தை. மன்னாரில் முயலிறைச்சிக்கு என்று நிரந்தரமான சந்தை இல்லை. பெருநாட்களை நம்பித்தான் விற்க வேண்டும். நத்தாருக்கு விற்பதென்றால் ஓகஸ்ட் இறுதியில் குட்டி விழ வேண்டும். ஜூலைக் கடைசியில் சேர்க்க வேண்டும். எங்கள் வெயிலில் அது நடக்காது. ஆனால் தவக்காலம் முழுவதும் மச்சம் தவிர்த்த கத்தோலிக்கக் குடும்பங்கள் உயிர்த்த ஞாயிறுக்கு இறைச்சி தேடும். 2024இல் அது மார்ச் 31. அன்று என் குட்டிகளுக்குப் பதினைந்து கிழமை, விற்கும் வயது. நோன்புப் பெருநாளும் அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது. ஆறு விற்றேன். மூன்று பெட்டையை வைத்துக்கொண்டேன்.

மூன்று நாட்காட்டிகள்

இப்போது அந்த மதிப்பீட்டுப் படிவத்துக்கு வருவோம். இங்கே ஒன்றோடொன்று பொருந்தாத மூன்று நாட்காட்டிகள் ஓடின.

முதலாவது திட்டத்தின் நாட்காட்டி. நிதியாண்டு மார்ச்சில் முடியும் இடத்திலிருந்து வந்த பணம் மார்ச்சுக்குள் செலவாக வேண்டும். அதனால் முயல் மார்ச்சில் வந்தது. ஆறு மாத மதிப்பீடு என்பது ஒப்பந்தத்தில் இருந்ததால் செப்டெம்பரில் வந்தார்கள். அதாவது, முயலுக்கு மிகக் கெட்ட ஆறு மாதத்தை அச்சொட்டாக வெட்டியெடுத்து, அதற்குள் விளைச்சல் கேட்டார்கள்.

இரண்டாவது கடனின் நாட்காட்டி. கூட்டைப் பெருப்பிக்கவும் தீன் வாங்கவும் எங்களில் சிலர் நுண்கடன் எடுத்தோம். அதன் தவணை கிழமைக்கு ஒரு முறை. நான் சேர்த்த நவம்பர் 14இலிருந்து முதல் காசு கண்ட மார்ச் 31 வரை 138 நாள். ஏறத்தாழ 20 கிழமை. எல்லாம் சரியாக நடந்தாலும், முதல் வருமானம் வருமுன் இருபது தவணை கட்ட வேண்டும். அந்த இருபதையும் எதிலிருந்து கட்டுவது? கூலி வேலையிலிருந்து, அடகு வைத்த தோட்டிலிருந்து, கடைசியில் தாய் முயலை விற்று. எங்கள் ஊரில் வெறுமையான கூடுகளில் பல அப்படித்தான் வெறுமையாகின. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. 2021 மார்ச்சில் பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் வீதியோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வட்டி வீதத்தைப் பற்றி அப்போதெல்லாம் நிறையப் பேசப்பட்டது. தவணையின் கால ஒழுங்கைப் பற்றிப் போதியளவு பேசப்படவில்லை. வட்டியைக் குறைத்தாலும் கிழமைத் தவணை 20 கிழமைப் பிராணியைத் தின்றுவிடும்.

மூன்றாவது உயிரினதும் பருவத்தினதும் நாட்காட்டி. 31 நாளை எந்தப் பணிப்பாளராலும் 25 ஆக்க முடியாது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல. 2017 செப்டெம்பரில் வெனிசுவேலாவில் மதுரோ அரசு பசியைப் போக்க 'முயல் திட்டம்' ஒன்றை அறிவித்து, வறிய குடியிருப்புகளுக்குக் குட்டிகளைக் கொடுத்தது. அதிகாரிகள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது மக்கள் அவற்றுக்கு ரிப்பன் கட்டி, பெயர் வைத்து, கட்டிலில் படுக்கவைத்திருந்தார்கள் என்று அப்போது பொறுப்பாக இருந்த பிரெடி பெர்னாலே தொலைக்காட்சியில் சொன்னார். உலகம் சிரித்தது. தமிழகத்திலும் முயல் வளர்ப்புக்குப் பேர்போன இடங்கள் குளிர்மலைகளில் இருக்கின்றன. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள இந்திய மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் வெள்ளை ஜயண்ட், சோவியத் சின்சிலா இனங்களை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறது. மலைக் குளிரில் சரிவரும் கணக்கை மன்னார்ச் சமவெளிக்கு அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் செப்டெம்பரில் கண்டோம். முயல் எல்லா இடத்திலும் ஒரே முயல்தான். இடமும் காலமும் ஒன்றல்ல.

கேட்பது பெரிதல்ல

நான் முயலைப் பெரிய தீர்வாகச் சொல்ல வரவில்லை. மூன்று முயலால் ஒரு குடும்பம் எழும்பிவிடாது. ஆனால் இனிமேல் இப்படியான உதவியைத் திட்டமிடுபவர்களிடம் சிலவற்றைக் கேட்கலாம்.

உயிருள்ள எதையும் கொடுக்குமுன் அது எப்போது குட்டி போடும், அந்த மாதத்தில் எங்கள் ஊரில் வெயிலா மழையா என்று கேளுங்கள். மன்னாருக்கு முயல் கொடுப்பதென்றால், ஐந்து மாதம் கடந்ததாக ஐப்பசியில் கொடுங்கள். ஆண்களை வேறு பண்ணையிலிருந்து எடுங்கள். தகரத்துக்கான பணத்தில் கிடுகு வாங்கித் தாருங்கள். முதல் மதிப்பீட்டைச் சித்திரையில் வையுங்கள். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தையும், ஊரில் ஏற்கெனவே வளர்த்தவர்களையும் கேட்டபின் துண்டுப்பிரசுரம் அடியுங்கள். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பிராணிக்கு எடுத்த கடனின் முதல் தவணையை அந்தப் பிராணியின் முதல் விற்பனைக்குப் பின்னால் தள்ளட்டும். அது சலுகையல்ல, சாதாரண கணக்கு.

இன்னொன்று, இது எங்களுக்குள். நானாவின் முயலுக்கு நான் பெட்டை கொண்டுபோனதுபோல, இப்போது அந்த ஒழுங்கையிலிருந்து என் வீட்டுக்குப் பெட்டை கொண்டுவருகிறார்கள். இரத்தம் கலக்காவிட்டால் குட்டி நிற்காது என்பதால் இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தின் முயல் தேவைப்படுகிறது. 1990 பற்றியும் 2008 பற்றியும் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் எந்த நாளில் சேர்ப்பது என்று இருவரும் ஒரே கலண்டரைப் பார்த்துப் பேசுகிறோம்.

போர்க்காலம் முழுவதும் எங்கள் நேரத்தை மற்றவர்களே முடிவு செய்தார்கள். எப்போது எழும்புவது, எப்போது பதிவது, எப்போது திரும்புவது எல்லாமே அறிவித்தல்தான். போர் முடிந்த பின்னரும் உதவி அதே மாதிரி அறிவித்தலாகத்தான் வருகிறது.

இந்த மார்ச்சிலும் ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இம்முறை கோழிக்குஞ்சு தரப்போகிறார்களாம். நான் போவேன். குஞ்சு எத்தனை என்று கேட்கப் போவதில்லை. ஏன் மார்ச் என்று கேட்கப் போகிறேன்.